ஏழாம் எண் ஒலி

ராயபுரம், திருப்பூர்
12 ஜூலை 2025

அன்புள்ள ஜோதி,

உன் கடிதம் வந்தது. அதைக் கடிதம் என்று சொல்லலாமா என்று தெரியவில்லை. கணக்கு நோட்டில் கிழித்த தாள்கள். தாள் முழுக்க நான்கு பத்தி, பத்தி முழுக்க எழுத்தும் எண்ணும். "நலமா" என்று ஒரு சொல் கிடையாது. கடைசித் தாளின் ஓரத்தில் மட்டும், 'விடுதியில் போனும் இல்லை, கம்ப்யூட்டரும் இல்லை. போட்டுக் கேட்டுவிட்டு எப்படி இருக்கிறது என்று எழுது' என்று இருந்தது. அம்மா எட்டிப் பார்த்து, "ஏங்கண்ணு, ஜோதி எதாச்சும் சீட்டுக் கட்டறாளா?" என்றாள். பாட்டு என்று சொன்னேன். தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இதுல எங்கடி பாட்டு?"

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல ஒரு மதியம் முழுக்க ஆனது. அப்பாவின் பனியன் கம்பெனி ஆபீஸ் அறையில் நம்முடைய பழைய கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, நீ எழுதியதைப் பாட்டுக் கட்டும் டிராக்கர் புரோகிராமில் ஒவ்வொரு வரிசையாகத் தட்டினேன். ஒரு பேட்டர்னுக்கு, அதாவது பாட்டின் ஒரு துண்டுக்கு, அறுபத்து நான்கு வரிசை. ஒவ்வொரு வரிசையிலும் எந்தச் சுரம், எத்தனையாம் எண் ஒலி. எம்பிராய்டரி டிசைன் போட வாங்கிய கம்ப்யூட்டர் அது. நாம் இரண்டு பேரும் ஒன்பதாம் வகுப்பில் அதற்குள் ஒரு படகு விளையாட்டைக் கண்டுபிடித்தோமே, நினைவிருக்கிறதா? கரையே வராத ஆறு. படகை ஓட்டாமல் சும்மா விட்டுவிட்டு, அதன் இசையை மட்டும் கேட்டுக்கொண்டிருப்போம்.

அந்த இசையைப் பற்றி நான் இன்னும் படித்தேன். உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன், எழுதினால்தான் எனக்குப் பிடிபடும். அந்தக் காலத்து விளையாட்டுகளில் இரண்டு விதமான இசைக் கோப்புகள் இருந்திருக்கின்றன. ஒரு விதத்தில் சுரங்கள் மட்டும்தான் இருக்கும். போகிற கம்ப்யூட்டரில் என்ன வாத்தியம் இருக்கிறதோ அதில் வாசித்துக்கொள்ளும். போன ஊரில் கிடைத்த ஓட்டலில் சாப்பிடுவது மாதிரி. நம் படகு விளையாட்டில் இருந்தது எம்-ஓ-டி என்று முடிகிற இன்னொரு விதம். அது கட்டுச்சோற்றோடு கிளம்புகிறது. மணி, முரசு, புல்லாங்குழல் என்று யாரோ பதிவு செய்த ஒலித்துண்டுகளை உள்ளேயே வைத்துக்கொண்டு போகிறது. எந்த ஊரில் பிரித்தாலும் அதே மணி, அதே முரசு. முப்பத்தொரு ஒலிகளுக்கு இடம். அவற்றுக்கும் சாம்பிள் என்றுதான் பெயர். நம் ஊரில் சாம்பிள் என்றால் ஆர்டர் தருகிற பையருக்கு மாதிரிக்கு அனுப்புகிற பனியன் என்பதால் அப்பாவுக்கு இன்னமும் நான் சொல்வது புரியவில்லை.

நீ கேட்டபடியே ஒலிகளை வைத்திருக்கிறேன். ஒன்று, துணி பின்னும் நிட்டிங் மெஷின். இரண்டு, ஓரம் தைக்கும் ஓவர்லாக். மூன்று, அயர்ன் பெட்டி விடும் ஆவி. நான்கு, பல்லடம் பஸ் ஹார்ன். ஐந்து, நூல் வெட்டும் கத்தரி. ஆறு, எங்கள் வீட்டுத் தண்ணீர்க் குடத்தைத் தட்டியது. எப்படி இருக்கிறது தெரியுமா? முதலில் குடம் மட்டும் தனியாக வருகிறது. அதன் கீழே நிட்டிங் மெஷின் சுற்ற ஆரம்பிக்கும்போது, படகின் அடியில் தண்ணீர் நகர்கிற மாதிரி இருக்கிறது. பஸ் ஹார்னை நீ மிகவும் கீழ்ச் சுரத்தில் வைத்திருக்கிறாய். அங்கே அது பஸ் இல்லை, மலைக்கு அந்தப் பக்கம் ஏதோ ஒரு பெரிய விலங்கு தூங்குகிறது. ஜன்னல் வெயிலில் பஞ்சுத் தூசி மிதந்துகொண்டிருந்தது. அதுவும் பாட்டுக்கேற்பத்தான் இறங்கியது என்று எனக்குத் தோன்றியது.

ஏழாம் எண்ணுக்கு 'ஏதாவது குழல்' என்று எழுதியிருந்தாய். அங்கேதான் உனக்கு ஒரு ஆச்சரியம் வைத்திருக்கிறேன். ஏப்ரலில் ஓவர்லாக் சத்தத்தைப் போனில் பதிந்தேன் அல்லவா? அதை வெட்டும்போது உள்ளே, செக்கிங் டேபிளில் நூல் வெட்டிக்கொண்டிருந்த உன் அம்மாவின் குரல் இருந்தது. "ஏ பிள்ளைகளா, டீ வந்துட்டு!" முழுவதையும் வைக்க முடியாது, அந்த 'ஏ' மட்டும். மேல் சுரத்தில் குழந்தை கூப்பிடுவது போல இருக்கிறது. கீழ்ச் சுரத்தில் தண்ணீருக்கு அடியிலிருந்து யாரோ கூப்பிடுகிறார்கள். எந்தக் குழலும் அப்படி ஊதாது. ஆபீஸில் தினம் வைத்துக் கேட்கிறேன்.

இங்கே மற்றதெல்லாம் பழையபடிதான். ஆர்டர் கொஞ்சம் வந்திருக்கிறது. செக்கிங் டேபிளில் இப்போது ஒடிசாவிலிருந்து இரண்டு அக்காக்கள் இருக்கிறார்கள். ஒருவர் நன்றாகப் பாடுகிறார்.

அடுத்த பேட்டர்ன் அனுப்பு.

சுதா

*

கோவில்பட்டி
24 ஜூலை 2025

சுதா,

உன் கடிதத்தை வார்டன் பிரித்துப் படித்துவிட்டுத்தான் கொடுத்தார். "படகு, விலங்கு, தண்ணிக்கடியில யாரோ... என்னட்டி இது, புள்ளைக்கு உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். என் சிநேகிதி அப்படித்தான் என்றேன்.

முதல் இரண்டு பக்கத்தை வேப்பமரத்தடியில் உட்கார்ந்து நாலைந்து தடவை படித்தேன். கேட்டுவிட்ட மாதிரியே இருந்தது. இங்கே ரயில் போகும்போது ஜன்னல் கம்பி அதிரும். அன்றைக்கு அதற்குள் உன் குடம் கேட்டது.

பிறகு மூன்றாம் பக்கத்துக்கு வந்தேன்.

ஒன்று கேட்கிறேன். ஏப்ரலில் உங்கள் அப்பா எங்கள் அம்மாவிடம், "ஆர்டர் நின்னு போச்சுங்க. அடுத்த மாசம் பாத்துட்டுச் சொல்றேன்" என்றார். அம்மா மே மாதம் முழுக்கப் போனைப் பக்கத்திலேயே வைத்திருந்தாள். குளிக்கப் போனால் என்னிடம் கொடுத்துவிட்டுப் போவாள். ஜூனில் வாடகை வீட்டைக் காலி செய்து ஊருக்கு வந்தோம். என்னை இங்கே சேர்த்தார்கள். அம்மா இப்போது ஊரில் தீப்பெட்டி ஒட்டுகிறாள்.

ஆர்டர் வந்திருக்கிறது. செக்கிங் டேபிளில் ஆள் இருக்கிறது. ஒருவர் நன்றாகப் பாடுகிறார். சந்தோஷம்.

எங்கள் அம்மா உங்களுக்கு வேண்டாம். குரல் மட்டும் வேண்டும், இல்லையா? அதையும் வெட்டி, 'ஏ'யை மட்டும் எடுத்துக்கொண்டு. யாரைக் கேட்டு எடுத்தாய்? அது உன் குடம் இல்லை, தட்டிப் பார்க்க.

அதைப் பாட்டிலிருந்து எடுத்துவிடு. பாட்டை எனக்கு அனுப்ப வேண்டாம். அடுத்த பேட்டர்ன் எழுதிவிட்டேன், ஆனால் அனுப்பவில்லை.

நாகஜோதி

*

ராயபுரம்
3 ஆகஸ்ட் 2025

அன்புள்ள ஜோதி,

இந்தக் கடிதத்தை இதற்கு முன் இரண்டு விதமாக எழுதிக் கிழித்துவிட்டேன். முதலாவதில் நான் நல்லவள் என்று நிறைய எழுதியிருந்தேன். இரண்டாவதில் அழுதிருந்தேன். இரண்டும் உனக்கு எதற்கு?

உன் அம்மாவைப் பற்றி அப்பாவிடம் கேட்டேன். அவர் ஸ்டூலில் உட்கார்ந்து டிசைன் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்கப்பா, சின்னத்தாய் அக்காவ ஏன் திரும்பக் கூப்புடல?"

"அவிய ஊருக்குப் போயிட்டாங்க கண்ணு. கூப்புட்டா ஊட்டக் காலி பண்ணீட்டு, புள்ளையப் பள்ளிக்கூடம் மாத்தீட்டு வரோணும். வந்தப்பறம் ஆர்டர் மறுக்கா நின்னு போச்சுன்னா? என்ன மூஞ்சிய வெச்சுட்டு நானு நிப்பேன்?"

"அதயாச்சும் போன் பண்ணிச் சொல்லியிருக்கலாமில்லீங்களா? அவங்க காத்துட்டு இருந்தாங்களாமா."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது சுத்தமாகத்தான் இருந்தது.

ஏழாம் எண்ணை எடுத்துவிட்டேன். எப்படி எடுத்தேன் என்று சொல்ல வேண்டும். டிராக்கரிலேயே அந்தச் சாம்பிளைத் தனியாகச் சேமித்து, பிளாப்பியில் எடுத்து, புதுக் கம்ப்யூட்டர் வழியாகப் பென் டிரைவில் போட்டேன். பிறகு பாட்டில் இருந்ததை அழித்தேன். போனில் இருந்த பதிவையும் அழித்தேன். பிளாப்பியையும் அழித்தேன். இனி உன் அம்மாவின் குரல் எங்களிடம் எங்கேயும் இல்லை. இந்தக் கவரில் இருப்பது மட்டும்தான். அது உன்னுடையது.

அழிப்பதற்கு முன் ஒரு கூத்து. மேசையில் வைத்திருந்த பிளாப்பியை, எம்பிராய்டரி ஓட்டும் காசிமாயன் அண்ணன் புது டிசைன் என்று நினைத்து மெஷினில் செருகிவிட்டார். "பாப்பா, இந்த டிசைனு தைக்க மாட்டேங்குது. ஊசி அந்தரத்துல நிக்குது" என்று வந்து நின்றார். உன்னிடம் சொன்னால் சிரிப்பாய் என்று முதலில் நினைத்தேன். பிறகுதான் நாம் சண்டையில் இருக்கிறோம் என்று நினைவு வந்தது.

பாட்டை அனுப்பவில்லை, நீ வேண்டாம் என்றாய். ஆனால் அது இப்போது எப்படி இருக்கிறது என்று மட்டும் எழுதலாமா? நீ எழுதிய இடங்களில் ஏழு என்ற எண் அப்படியே இருக்கிறது. சுரமும் இருக்கிறது. வரிசை அங்கே வரும்போது ஒலி மட்டும் இல்லை. மற்ற ஒலிகளெல்லாம் அதற்கு இடம் விட்டு ஒதுங்கி நிற்கிற மாதிரியே நீ எழுதியிருக்கிறாய். அவை இப்போதும் ஒதுங்கித்தான் நிற்கின்றன. படகில் ஒருவர் உட்காரும் இடம் காலியாக இருந்தால் படகு ஒரு பக்கம் லேசாகத் தூக்கிக்கொள்ளுமே, அப்படிப் போகிறது பாட்டு.

சுதா

*

கோவில்பட்டி
20 ஆகஸ்ட் 2025

சுதா,

லூசு.

எடுத்துவிடு என்றேன். அழித்துவிடு என்று எப்போது சொன்னேன்? ஒரே ஒரு பிரதியைப் பென் டிரைவில் போட்டு, அதைக் கவரில் போட்டு, கவரைத் தபாலில் போட்டிருக்கிறாய். வழியில் தொலைந்திருந்தால்? கிளாஸில் முதல் மார்க் வாங்குகிறவள் நீ.

தொலையவில்லை. வார்டன் பீரோவில் இருக்கிறது. விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போதுதான் தருவார். "பென் டிரைவுல என்னட்டி இருக்கு?" என்று கேட்டார். "எங்கம்மா" என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, பீரோவில் மேல் தட்டில், அவருடைய சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்தார்.

காசிமாயன் அண்ணன் கதைக்குச் சிரிக்கவில்லை. இரண்டு நாள் கழித்துச் சாப்பாட்டு வரிசையில் நிற்கும்போது சிரித்துவிட்டேன்.

ஒரு விஷயம். நான் எழுதிய பாட்டை நான் இன்னும் கேட்கவில்லை, ஆனால் வாயால் முனகுவேன். துணி துவைக்கும் இடத்தில் பக்கத்தில் நிற்கிற பிள்ளைகளுக்கும் வந்துவிட்டது. நீ எழுதியதிலிருந்து ஏழு வரும் இடத்தில் நான் வாயை மூடிக்கொள்கிறேன். அவர்களும் மூடிக்கொள்கிறார்கள். சோப்பு நுரையோடு கல் மேல் கையை வைத்துக்கொண்டு எல்லாரும் ஒரு நொடி சும்மா நிற்கிறோம். குழாய்த் தண்ணீர் மட்டும் ஊற்றும். பிறகு எல்லாரும் ஒன்றாக ஆரம்பிப்போம். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. பாட்டு அப்படித்தான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்கள்.

ஒரு கனவும் வந்தது. விடுதி முழுக்கப் படகாகிவிட்டது. ஜன்னலுக்கு வெளியே ஆறு. நான் கட்டிலிலிருந்து காலைத் தொங்கவிட்டுத் தண்ணீரைத் தொடுகிறேன். தண்ணீர் பனியன் துணி மாதிரி இருக்கிறது.

கடைசி பேட்டர்னை இதோடு வைத்திருக்கிறேன். பாட்டை இன்னொரு பென் டிரைவில் அனுப்பு. காலாண்டு விடுமுறையில் ஊரில் கேட்கிறேன். ஏழைப் பற்றி அம்மாவிடம் கேட்டுவிட்டு எழுதுகிறேன். அதுவரை காலியாகவே இருக்கட்டும்.

உன் மேல் கோபம் போய்விட்டது என்று நினைத்துக்கொள்ளாதே.

ஜோதி

*

விளாத்திகுளம் பக்கம், எங்கள் ஊர்
2 அக்டோபர் 2025

சுதா,

உன் நேர்மைக்கு ஒரு பெரிய கும்பிடு. நீ அனுப்பிய அம்மா குரல் திறக்கவே இல்லை!

முனீஸ் மாமா போனில் போட்டுப் பார்த்தார். 'இந்தக் கோப்பைத் திறக்க முடியாது' என்றது. பக்கத்து வீட்டு லேப்டாப்பில் போட்டோம். அதுவும் அதையே சொன்னது. "யாரு அனுப்பினது? ஒண்ணுமே இல்லாத பைலு மாதிரி இருக்கே" என்றார் மாமா. நான் போட்ட சண்டையால் அம்மா குரல் போய்விட்டது என்று ஓரமாகப் போய் உட்கார்ந்துவிட்டேன். அதைத் திறக்க அந்த டிராக்கர்தான் வேண்டும், இல்லையா? பாட்டுக்குள் வைத்தால்தான் அது குரல். வெளியே எடுத்துவிட்டால் வெறும் எண்கள். நீ இதை யோசிக்கவில்லை. நானும் யோசிக்கவில்லை.

அம்மா தீப்பெட்டி ஒட்டிக்கொண்டே கேட்டாள். "எதுக்குட்டி மூஞ்சத் தொங்கப் போட்டுக்கிட்டு ஒக்காந்திருக்க?"

எல்லாவற்றையும் சொன்னேன். ஏழாம் எண், உன்னைத் திட்டியது, வார்டன் பீரோ, எல்லாம். அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். "நான் டீக்குக் கத்துனத வச்சா நீங்க ரெண்டு பேரும் இந்தக் கூத்து அடிக்கிய? அது என்ன குடத்துத் தண்ணியா, மோந்து குடுத்தா கொறைய? என் தொண்டை எங்கிட்டதான இருக்கு."

"ஒன்னயக் கேக்காம எடுத்தாளேம்மா."

சிரிப்பை நிறுத்திவிட்டாள். பசைக் கையைச் சேலையில் துடைத்தாள். "அந்தப் புள்ள எடுத்ததுல எனக்கு ஒண்ணுமில்ல. கேக்கணும்னா முதலாளி கேட்டிருக்கணும். வேல இல்லைன்னா இல்லைன்னு ஒரு வார்த்த. நான் என்ன அவரக் கடிச்சா திங்கப் போறேன்?"

பிறகு, "சரி, அந்தப் பாட்டப் போடு" என்றாள்.

மாமா ஏதோ ஒரு ஆப் இறக்கி, இரண்டாவது பென் டிரைவில் நீ அனுப்பியிருந்த, இன்னும் முடியாத பாட்டைப் போட்டார். அது திறந்துகொண்டது, கட்டுச்சோறு அல்லவா. சுதா, நான் முதல் முதலாகக் கேட்டேன். நீ எழுதியது எதுவும் பொய் இல்லை. அந்த விலங்கு தூங்கிக்கொண்டுதான் இருக்கிறது. எங்கள் வீட்டுக்கு முன்னால் கருவேலங்காடுதான், ஆனால் அதற்குள் தண்ணீர் வந்துவிட்டது.

அம்மா தலையைச் சாய்த்துக் கேட்டாள். "இது ரெண்டாம் நம்பர் மெஷினு. எண்ணெய் போடாம ஓட்டுறானுவ" என்றாள். நூல் வெட்டும் சத்தம் வந்ததும் விரல் தானாக அசைந்தது. முதல் தடவை ஏழு வந்தபோது சத்தம் இல்லாததைக் கவனித்தாள். அடுத்த தடவையும் கவனித்தாள். எழுந்து அடுப்படிக்குப் போனாள். பாட்டு சுற்றிக்கொண்டு திரும்ப அங்கே வந்தது. ஓவர்லாக் ஒதுங்கியது, குடம் ஒதுங்கியது. அந்தக் காலி இடத்தில், அடுப்படியிலிருந்து அம்மா கூப்பிட்டாள்.

"ஏ... ஜோதி."

கத்தவே இல்லை. கத்த வேண்டிய மெஷின் எதுவும் அங்கே இல்லை. திருப்பூரில் இருந்தவரை அம்மா இவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதில்லை.

நான் இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன், ஆனால் ஒன்றை முடிவு செய்துவிட்டேன். ஏழாம் எண்ணைக் காலியாகவே விடு. புதிதாகப் பதிந்தும் போட வேண்டாம். பாட்டு எங்கே ஓடுகிறதோ அங்கே இருக்கிறவர்கள் கூப்பிட்டுக்கொள்ளட்டும். அந்தத் திறக்காத கோப்பை இதோடு திருப்பி அனுப்புகிறேன். உன்னிடமே இருக்கட்டும், பாட்டில் மட்டும் வைக்காதே. "சுதா பத்திரமா வச்சிருப்பா" என்று அம்மா சொன்னாள். எல்லாவற்றையும் அழித்துவிட்டு ஒரே பிரதியைத் தபாலில் போட்டவள் நீ என்று நான் நினைவுபடுத்தினேன். அம்மாவுக்கு உன் மேல் கோபம் இல்லை. எனக்கு இருக்கிறது. கொஞ்சம்.

ஜோதி

*

ராயபுரம்
14 அக்டோபர் 2025

அன்புள்ள ஜோதி,

பென் டிரைவ் பத்திரமாக வந்தது. குரல் கெடவில்லை. டிராக்கரில் தனியாக ஒரே ஒருமுறை ஓட்டிப் பார்த்தேன், பிறகு தொடவில்லை. டிராக்கர் அதை வெறும் எண்களாகச் சேமித்திருக்கிறது. எவ்வளவு வேகத்தில் வாசிக்க வேண்டும் என்று சொல்கிற குறிப்பு அதில் இல்லை, அதனால்தான் போனுக்குப் புரியவில்லை. இதைப் படித்திருந்தும் அழித்தேன். லூசு என்றது சரிதான். இப்போது இரண்டு இடத்தில் வைத்திருக்கிறேன், ஒன்று என் புத்தக அலமாரியில்.

கடைசி பேட்டர்னையும் சேர்த்துப் பாட்டை முடித்துவிட்டேன். ஏழாம் எண் காலி. அதன் பெயர் எழுதும் இடத்தில் மட்டும் 'சின்னத்தாய்' என்று ஆங்கில எழுத்தில் அடித்திருக்கிறேன். வேண்டாம் என்றால் சொல், எடுத்துவிடுகிறேன். எடுப்பேன், அழிக்க மாட்டேன்.

நேற்று நடந்ததை எழுதுகிறேன். எனக்கு எப்படிப் புரிந்துகொள்வது என்று தெரியவில்லை, அதனால் நடந்தபடியே.

டீ நேரம். மெஷின்களை நிறுத்தியிருந்தார்கள். தீபாவளிக்கு முந்திய வாரம் என்பதால் எல்லாரும் ஊருக்குப் போகிற பேச்சிலேயே இருந்தார்கள். நான் ஆபீஸ் அறையில் பாட்டை முழுவதுமாக ஓட்டினேன். அறைக் கதவு திறந்திருந்தது. மெஷின்கள் நின்ற பிறகும் மெஷின் சத்தம் கேட்கிறதே என்று ஒடிசா அக்காக்கள் டம்ளரோடு வந்து எட்டிப் பார்த்தார்கள். பாடுகிற அக்கா கதவில் சாய்ந்துகொண்டு கண்ணை மூடிக்கொண்டார்.

அப்பா கட்டிங் பீஸ் மூட்டையை எடை போட்டுக்கொண்டிருந்தார். ஏழு வந்தது. ஒலி இல்லை. அவர் நிமிர்ந்தார். பாட்டு சுற்றி வந்தது. திரும்பவும் நிமிர்ந்தார்.

"என்ன கண்ணு, இந்த எடத்துல ஒரு சத்தம் வருமே? நீ போட்டுக் கேக்கையில எல்லாம் வந்துட்டு இருந்துச்சு."

"எடுத்துட்டனுங்கப்பா."

"ஏனாமா?"

"அது சின்னத்தாய் அக்கா சத்தமுங்க. கேக்காம வெச்சிருந்தேன்."

நான் நிறுத்தப் போனேன். "ஓடட்டும்" என்றார். இன்னொரு சுற்று முழுக்கக் கேட்டார், மூட்டையின் மேல் கையை வைத்துக்கொண்டு. நீ எழுதியிருந்ததில் ஒரு வரியை மட்டும் அவரிடம் சொன்னேன்: வேலை இல்லையென்றால் இல்லை என்று ஒரு வார்த்தை. கடிக்கிற வரியைச் சொல்லவில்லை.

"நம்பரு வெச்சிருக்கறயா?" என்று கேட்டார்.

"உங்குளுட்டத்தான் இருக்குதுங்கப்பா. அந்த நம்பரு மாறவே இல்ல."

போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார், வேஸ்ட் துணி மூட்டைகள் அடுக்கியிருக்கும் இடத்துக்கு. ஜன்னல் வழியாக அவர் முதுகு மட்டும் தெரிந்தது. சட்டையில் பஞ்சு ஒட்டியிருந்தது. போனைக் காதில் வைத்து, எடுத்துப் பார்த்து, திரும்பவும் வைத்தார். பாட்டு தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. குடம் ஒதுங்கியது. ஓவர்லாக் ஒதுங்கியது. ஏழு வந்தது.

அந்த இடத்தில் வெளியிலிருந்து அப்பாவின் குரல் கேட்டது.

"சின்னத்தாயிங்களா? நான் சாமியப்பன் பேசறனுங்க."

அதற்குப் பிறகு அவர் என்ன பேசினார் என்று எனக்குத் தெரியாது. அடுத்த வரிசையில் நிட்டிங் மெஷின் சுற்ற ஆரம்பித்துவிட்டது.

சுதா